நம்பிக்கைகளும் உண்மைகளும்: நரம்பு என்று எதைச் சொல்கிறோம்?

திருமலைக்கு ஏறும் வழியில், காலி கோபுரத்து நிழலில் உட்கார்ந்தபோதுதான் படியில் ரத்தத்தைப் பார்த்தேன். காயாத சிவப்பு, படிக்குப் படி திட்டுத் திட்டாகக் கீழே இறங்கிப் போயிருந்தது. யார் காலோ என்று திரும்பினால், என் அத்தையின் வலது கால். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கண்ணாடிச் சில்லு ஏறி நின்றது.

“எப்ப குத்துச்சு அத்தை?”

குனிந்து பார்த்த அவருக்கே அதிர்ச்சி. “தெரியலையேடா. வலிக்கவே இல்லையே. என் வலியப் பெருமாளே வாங்கிக்கிட்டார் போல.”

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள், ஏறக்குறைய 9 கிலோமீட்டர். செங்குத்தான ஏற்றத்தின் பெரும்பகுதி காலி கோபுரத்தை எட்டுவதற்குள் முடிந்துவிடும். அத்தனை படியையும் அத்தை அந்தச் சில்லோடுதான் ஏறியிருக்கிறார் என்றால் அது பக்தி மட்டுமல்ல. அவருக்கு 18 வருடமாகச் சர்க்கரை நோய். “பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு” என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “நரம்பு வீக்” என்று நாங்களே முடிவுகட்டி, தெருமுனையில் சத்து ஊசி போட்டுக் கூட்டிவந்தோம். பாதத்தை யாரும் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் என்னை அரித்தது ஒரே ஒரு சொல்: நரம்பு. கை நடுங்கினால் நரம்பு, கால் வீங்கினால் நரம்பு, இடுப்பு பிடித்தால் நரம்பு, மயங்கி விழுந்தாலும் நரம்பு. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டு மூடிவிடுவதால், போக வேண்டிய மருத்துவரிடம் போக வேண்டிய நேரத்தில் போகாமல் இருந்துவிடுகிறோம். அலிபிரிப் படிகளில் தமிழிலும் தெலுங்கிலும் காதில் விழும் எட்டு நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை 1: கையிலும் காலிலும் புடைத்துத் தெரிவதுதான் நரம்பு.

உண்மை: அது ரத்தக் குழாய். உடம்பிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிரை. கெண்டைக்காலில் முறுக்கிக்கொண்டு நீலமாகத் தெரிவதை ‘நரம்பு சுருட்டல்’ என்கிறோமே, அங்கே பழுதானவை சிரைக்குள் இருக்கும் வால்வுகள். ‘நரம்பு ஊசி’ என்று நாம் சொல்வதும் சிரைக்குள் போடும் ஊசிதான். தெலுங்குக்காரர்களும் இரண்டையும் ‘நரம்’ என்றே சொல்கிறார்கள்.

உண்மையான நரம்பு வெண்ணிறக் கயிறு போன்றது, பெரும்பாலும் ஆழத்தில் கிடப்பது. அதற்குள் ரத்தம் ஓடுவதில்லை, மின்சைகை ஓடுகிறது. முழங்கையின் உட்பக்கம் கதவு விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ‘சுரீர்’ என்று ஒரு மின்னல் ஓடும். அதுதான் நரம்பு. இடுப்பிலிருந்து தொடையின் பின்புறமாக இறங்கும் நரம்பு நம் உடம்பிலேயே மிகத் தடித்தது, ஏறக்குறைய கட்டைவிரல் பருமன்.

மொத்த அமைப்பையும் இரண்டாகப் பிரித்து நினைவில் வைக்கலாம். மண்டையோட்டுக்குள் மூளை, முதுகெலும்புக்குள் தண்டுவடம்: இவை மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து கிளம்பும் 12 இணை நரம்புகளும், தண்டுவடத்திலிருந்து கிளம்பும் 31 இணை நரம்புகளும், அவற்றின் கிளைகளும் புற நரம்பு மண்டலம். கால் சிரை சுருண்டால் ரத்தக்குழாய் மருத்துவரிடம் போக வேண்டும். பாதம் மரத்தால்தான் நரம்பைப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 2: வலி இல்லையென்றால் காயமும் இல்லை.

உண்மை: வலி காயமல்ல, காயம் பட்ட சேதி. சேதி வரவில்லை என்றால் காயம் இல்லை என்பதும் ஒரு சாத்தியம், சேதி கொண்டுவரும் நரம்பே பழுதாகிவிட்டது என்பதும் ஒரு சாத்தியம்.

இதை உலகத்துக்குப் புரியவைத்த இடம் அலிபிரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பதியில் ரயில் ஏறி, சித்தூரைத் தாண்டினால் காட்பாடி, அடுத்து வேலூர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல்கள் தானாக உதிரும் என்றுதான் அன்று மருத்துவர்களே நம்பினார்கள். நோயாளிகளோடு நாள் முழுக்க இருந்து பார்த்த பிராண்ட் வேறொன்றைக் கண்டார். கிருமி புற நரம்புகளைக் கெடுக்கிறது, உணர்வு போய்விடுகிறது. உணர்வற்ற கையால் அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் தூக்குகிறார்கள், துருப்பிடித்த பூட்டை விரல் கிழியத் திருகுகிறார்கள். தூங்கும்போது எலி வந்து விரலைக் கடித்தாலும் விழிப்பு வருவதில்லை. விரல்களைத் தின்றது நோயல்ல, அன்றாட வாழ்க்கை. வலியைக் கொடை என்று பிராண்ட் ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தார்.

சர்க்கரை நோயிலும் நடப்பது கிட்டத்தட்ட இதுதான். மிக நீண்ட நரம்பிழைகள் முதலில் சேதமாகின்றன. அதனால் கால்விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டதுபோல் மரப்பு மேலே ஏறுகிறது. மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் அழுத்தியும், அதிரும் இசைக்கவையைக் கால்விரலில் வைத்தும் சில நிமிடங்களில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். காலணியைக் கீழேயே விட்டுவிட்டு ஏறுவது அலிபிரியின் வழக்கம். சர்க்கரை உள்ளவர்கள் அதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். உணர்வு போயிருந்தால் வெறுங்காலோடு ஏற வேண்டாம். மலைக்கு 1944 முதல் சாலை இருக்கிறது. அதில் போகிறவரின் பக்தி எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

நம்பிக்கை 3: ஒவ்வோர் அடியையும் மூளை யோசித்துத்தான் எடுத்துவைக்கிறது.

உண்மை: உச்சி வெயிலில் கொதிக்கும் கல்லில் பாதம் பட்டதும் ‘சுடுது’ என்று உணர்வதற்கு முன்பே காலை எடுத்துவிடுகிறோம். பாதத்திலிருந்து கிளம்பிய சைகை தண்டுவடத்தைத் தொட்டவுடன் அங்கிருந்தே கட்டளை திரும்பிவிடுகிறது. பள்ளியில் படித்த அனிச்சைச் செயல் இதுதான். அதே நொடியில் மற்றக் கால் விறைத்து உடல் எடையைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டையும் தண்டுவடமே செய்கிறது. இல்லையென்றால் கல் சுட்ட ஒவ்வொரு முறையும் விழுந்திருப்போம். வேகமான நரம்பிழைகளில் சைகை நொடிக்கு 100 மீட்டர் வரை பாயும். எரியும் வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளில் அது நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நடந்துதான் வருகிறது.

ஏறலாம் என்ற முடிவு பெருமூளையுடையது. படியின் உயரத்துக்கு ஏற்றபடி காலின் வீச்சையும் உடம்பின் சாய்வையும் கணத்துக்குக் கணம் திருத்துவது பின்மண்டையில் இருக்கும் சிறுமூளை. பெயரைக் கேட்டு அதைக் குறைவாக எண்ண வேண்டாம். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், இருப்பதாக பிரேசில் ஆய்வாளர்கள் 2009-இல் எண்ணிச் சொன்னார்கள். அதில் ஏறக்குறைய 6,900 கோடி சிறுமூளையில். எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான் அது. குடித்தவர் தள்ளாடுவதற்கு ஒரு பெரிய காரணம், மது சிறுமூளையை மந்தமாக்குவது. குடிக்காதவருக்குத் திடீரென்று அப்படித் தள்ளாட்டம் வந்தால், களைப்பு என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம்பிக்கை 4: பிரசவத்தில் முதுகில் போட்ட ஊசியால்தான் ஆயுளுக்கும் இடுப்பு வலி.

உண்மை: முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. முதுகெலும்பு எலும்புகளால் அடுக்கிய கூடு. தண்டுவடம் அதற்குள் ஓடும் மென்மையான வடம், சுண்டுவிரல் பருமன், ஏறக்குறைய 45 செ.மீ. நீளம். இது கூட்டின் அடி வரை வருவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்பின் முதல் இரண்டு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால் போல் தனித்தனியாகத் திரவத்தில் மிதக்கின்றன. மரத்துப்போகச் செய்யும் ஊசி அந்த இடத்தில்தான் இறங்குகிறது. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் கடுமையான தலைவலி வரலாம், அதை உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் வருடக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு ஊசி காரணமல்ல. பத்து மாதச் சுமை, தளர்ந்த வயிற்றுத் தசை, குனிந்து பால் கொடுப்பது, ஓய்வில்லாத வீட்டு வேலை ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஊசியின் மேல் பழியைப் போட்டுவிட்டு அந்தப் பெண்ணின் ஓய்வைப் பற்றி நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

தண்டுவடம் அடிபட்டால் வாழ்க்கை முடிந்தது என்பதும் உண்மையல்ல. வேலூரில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸுக்கு 1954-இல் ஒரு சாலை விபத்தில் தண்டுவடம் சேதமாகி, கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, வேலூரில் அந்தத் துறையையே தலைமையேற்று நடத்தினார். தண்டுவடத்தின் இழைகள் அறுந்தால் மீண்டும் வளர்ந்து சேர்வது இன்றும் அரிது. புற நரம்போ, சரியாகச் சேர்த்துத் தைத்தால், நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளரக்கூடியது. கையில் வெட்டுப்பட்டு விரல் மரத்தால் ‘நரம்பு போச்சு, அவ்வளவுதான்’ என்று இருந்துவிடக் கூடாது.

நம்பிக்கை 5: மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம்.

உண்மை: முழுவதையும் பயன்படுத்துகிறோம். எடையில் உடம்பின் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வாக இருக்கும்போதுகூட உடம்பின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடம்பு இவ்வளவு தீனி போடாது. கடுகளவு இடத்தில் ரத்தம் நின்றாலும் ஒரு கை விழுந்துவிடுவதே போதிய சாட்சி.

கனடாவின் மான்ட்ரியலில் நரம்பு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டுத் தொட்டு, எந்த இடம் எந்த உறுப்பை ஆள்கிறது என்று வரைபடம் வரைந்தார். உடம்பு முழுவதன் வலியையும் உணரும் மூளைக்குத் தன் மேல் கத்தி பட்டால் வலிக்காது, அதனால்தான் அது முடிந்தது. அந்த வரைபடத்தில் முதுகுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம், உதட்டுக்கும் விரல்களுக்கும் கிடைத்த இடம் மிகப் பெரிது. அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூருக்கு வந்து, இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார்.

நம்பிக்கை 6: வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும்.

உண்மை: பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தாமாக நின்றுவிடும். சாவிக்கொத்தைத் தேடி எடுத்துத் திணிப்பதற்குள் நின்றுவிடுவதால், இரும்பு நிறுத்தியதாகத் தோன்றுகிறது. வலிப்பு என்பது மூளையின் நியூரான்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றி மின்சைகை எழுப்புவது. கையில் இருக்கும் இரும்பு அங்கே எட்டாது.

கூட்டமான படிக்கட்டில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் அவரைப் படியில் உருளாமல் காப்பதுதான் முதல் வேலை. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்க வேண்டாம். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 108-ஐ அழையுங்கள். நம் நாட்டில் நாடாப்புழு முட்டை உணவோடு உள்ளே போய் மூளையில் கட்டியாவதும் வலிப்புக்கு ஒரு முக்கியக் காரணம். அது மருந்தில் கரைவது. இதற்காக ஒரு பெண்ணின் திருமணத்தை நிறுத்துவது எந்த வகையிலும் நியாயமில்லை.

நம்பிக்கை 7: பக்கவாதம் கை கால் நரம்பில் வரும் நோய், எண்ணெய் தேய்த்தால் சரியாகும்.

உண்மை: விழுந்தது கை, அடிபட்டது மூளை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதோ உடைவதோதான் பக்கவாதம். பெருமூளையிலிருந்து இறங்கும் கட்டளை இழைகள் மூளைத்தண்டின் அடியில் இருக்கும் முகுளத்தில் இடம் வலமாக மாறிக்கொள்கின்றன. ஆகவே இடப்பக்க மூளையில் அடைப்பு வந்தால் வலக்கை விழும். பெரும்பாலானோருக்குப் பேச்சு மையமும் இடப்பக்கமே இருப்பதால் பேச்சும் குழறும்.

முகம் ஒரு பக்கம் கோணினால், தூக்கிய கை தானே இறங்கினால், பேச்சு குழறினால் மணியைப் பாருங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், அதிலும் முதல் மணி நேரம் பொன் போன்றது. அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், அதனால் வீட்டில் எந்த மாத்திரையும் கொடுக்கக் கூடாது. எண்ணெய்க்கும் புறா ரத்தத்துக்கும் அலைந்து அந்த நேரத்தைத் தொலைத்த குடும்பங்கள் எத்தனையோ. நரம்பியல் துறையோடு இயங்கும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம், மக்கள் வாயில் ஸ்விம்ஸ், அலிபிரி சாலையிலேயே இருக்கிறது. மலையடிவாரத்தில் ஒருவருக்கு முகம் கோணினால் சில நிமிடங்களில் போய்ச் சேரலாம். தைலமும் பயிற்சியும் உயிர் பிழைத்த பிறகு பேச வேண்டியவை.

நம்பிக்கை 8: கை நடுங்கினால் நரம்புத் தளர்ச்சி.

உண்மை: நரம்புத் தளர்ச்சி என்று ஒரே ஒரு நோய் கிடையாது. தைராய்டு மிகைப்பு, பரம்பரையாக வரும் நடுக்கம், சில மருந்துகள், குடியை நிறுத்திய முதல் நாட்கள், பயம் எல்லாவற்றிலும் கை நடுங்கும். மூளையின் அடியாழத்தில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிவதால் வரும் பார்க்கின்சன் நோயில், சும்மா வைத்திருக்கும் கை நடுங்கும், நடை சுருங்கும். ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. பேருந்து நிலையச் சுவரொட்டிகளோ எல்லாவற்றையும் வாலிப வயதுப் பழக்கத்தின் மேல் ஏற்றி, வெட்கப்படும் இளைஞர்களிடம் பணம் பறிக்கின்றன. சுயஇன்பத்தால் நரம்பு தளர்வதில்லை. பி12 குறைவால் நரம்பு கெடுவது உண்மைதான். அதையும் ரத்தம் பார்த்துவிட்டுத்தான் ஊசி போட வேண்டும்.

எட்டையும் எழுதி முடித்த பிறகு, தவறு என்று தள்ள முடியாத நம்பிக்கை ஒன்று எஞ்சி நிற்கிறது. அலிபிரியில் ஏறத் தொடங்கும் இடத்தில் தலையேறு குண்டு என்று ஒரு பாறை இருக்கிறது. தலையையும் முழங்காலையும் அதில் வைத்து எடுத்தால் தலைவலியும் முழங்கால் வலியும் அண்டாது என்பது பக்தர்கள் நம்பிக்கை. மேலே போகப் போக வரும் மோகாள்ள மெட்டின் பெயரே முழங்காலைக் குறிப்பது. இந்த மலையைக் காலால் மிதிக்கத் தயங்கிய ராமானுஜர் அங்கே முழங்காலால் ஏறினார் என்பது மரபு.

பாறை வலியைக் குறைக்குமா? குறைக்கும் வழி நம் தலைக்குள்ளேயே இருக்கிறது. மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் சில பாதைகள், மேலே வரும் வலிச் சேதியை வாசலிலேயே மட்டுப்படுத்தும். நம்பிக்கை அந்தப் பாதையைத் திறக்கிறது. 1978-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வெறும் போலி மருந்திலேயே சிலருக்கு வலி குறைந்தது. உடம்பு தானே சுரக்கும் அபினி போன்ற பொருளைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. ஆக, நம்பியதால் வலி குறைவது மனப்பிரமையல்ல, நரம்பு மண்டலம் செய்யும் வேலை. ஆனால் அது சேதியைத்தான் தணிக்கும், காயத்தை ஆற்றாது. பெருமாள் தன் வலியை வாங்கிக்கொண்டார் என்று அத்தை சொன்னதை நான் மறுத்துப் பேசவில்லை. சில்லை எடுக்க வேண்டியவர்கள் நாங்கள் என்பது மட்டும் இப்போது தெரியும்.

போன புரட்டாசியில் அத்தை பேருந்தில்தான் மலைக்கு வந்தார். அதற்கு முன் அலிபிரியில் இறங்கி, தலையேறு குண்டில் நெற்றியை வைத்துக் கும்பிட்டார். இரவில் படுக்குமுன் கைக்கண்ணாடியை உள்ளங்காலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பது இப்போது அவருக்கு விளக்கேற்றுவது போல ஆகிவிட்டது. சென்ற வாரம் பக்கத்து வீட்டம்மா வந்து, “ரெண்டு நாளா நரம்பு இழுக்குதுக்கா” என்றார்.

அத்தை கேட்டார்: “நரம்புன்னு சொல்லாதே. எங்க, எப்படி, எப்பலேருந்துன்னு சொல்லு.”